பெட்ரோல் வண்டியை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிவாயுக் கருவி பொருத்த நினைப்பவர்களும், பொருத்திவிட்டுக் குழம்பி நிற்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எரிவாயுவின் இயல்பால் வருவது எது, பொருத்திய வேலையின் குறையால் வருவது எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் எரிபொருளின் தலையில் போடுவதை நெடுநாளாகப் பார்த்துவருகிறேன். ஆகவே பதில்களில் அந்த இரண்டையும் முடிந்தவரை தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் பெட்ரோல் கார்களைப் பற்றியவை. டீசலுக்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது.

சி.என்.ஜி.யும் எல்.பி.ஜி.யும் ஒன்றுதானே? இரண்டுமே கேஸ்தானே?

இல்லை. சி.என்.ஜி. என்பது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். சுமார் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்தாலும் அது வாயுவாகவே இருக்கும். எல்.பி.ஜி. என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சில பார் அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். சிலிண்டர், வால்வு, குழாய், அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் எல்லாமே இரண்டுக்கும் வேறு. ஒன்றுக்கான சிலிண்டரில் மற்றொன்றை நிரப்புவது உயிரோடு விளையாடுவது.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. மீத்தேன் காற்றைவிட ஏறத்தாழ பாதி எடைதான். கசிந்தால் மேலே எழுந்து கலைந்துவிடும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். இந்தப் பக்கத்தில் எரிவாயு என்று நான் எழுதும் இடமெல்லாம் இயற்கை எரிவாயுவையே குறிக்கிறேன்.

வண்டியில் அப்படி என்னதான் மாட்டுகிறார்கள்?

வாயு போகும் வழியிலேயே பார்த்தால் எளிது. டிக்கியில் சிலிண்டர். அதன் கழுத்தில் அடைப்பு வால்வும், தீப்பற்றினால் வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு அமைப்பும் இருக்கும். அங்கிருந்து வண்டியின் அடிப்பாகம் வழியாக உருக்குக் குழாய் ஒன்று இன்ஜின் அறைக்கு வருகிறது. அங்கே ரெடியூசர் 200 பார் அழுத்தத்தை, இன்ஜினுக்கு எரிபொருளை அளந்துவிடும் இன்ஜெக்டர்களுக்குத் தேவையான சில பாராகக் குறைக்கிறது. பிறகு ஒரு ஃபில்டர், எரிவாயு இன்ஜெக்டர்கள், அவற்றை இயக்கும் தனிக் கணினி, ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் எரிபொருள் மாற்றும் சுவிட்ச். இவ்வளவுதான்.

ரெடியூசருக்கு ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய் ஏன் என்று பலர் கேட்பார்கள். அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயு கடுமையாகக் குளிர்கிறது. இன்ஜினின் சுடுநீர் சுற்றி வந்து ரெடியூசரைச் சூடாக வைத்திருக்காவிட்டால் அது உறைந்துபோகும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ரெடியூசரின் மேல் வெண்பனி படிந்திருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் அந்த நீர்) குறைந்திருக்கிறது, அல்லது அந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள்.

மாற்றிவிட்டால் பெட்ரோலில் ஓட்டவே முடியாதா?

முடியும். பின்னால் பொருத்தப்படும் கருவிகள் அநேகமாக எல்லாமே இரு எரிபொருள் வகை. வண்டி பெட்ரோலில் கிளம்பும். கூலன்ட் ஓரளவு சூடானதும் தானாக எரிவாயுவுக்கு மாறும். மேலே சொன்ன ரெடியூசர் சூடாவதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

பெட்ரோல் தேவையில்லை என்று டேங்க்கை வற்றவிடாதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ந்திருக்கும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். அதே பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினாலும் கெட்டுப்போகும். அவ்வப்போது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டினால் பழைய பெட்ரோலும் தீரும், பெட்ரோல் இன்ஜெக்டர்களும் அடைக்காது.

கேஸ் போட்டால் பிக்கப் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. காரணத்தையும் அளவையும் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

இன்ஜினின் சக்தி, அது ஒரு மூச்சில் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. ஆவியானாலும் முழுக் கலவையின் கொள்ளளவில் 2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தையே பிடிக்கிறது. மீத்தேன் உள்ளே வரும்போதே வாயு. சரியான கலவையில் அது ஏறத்தாழ 9.5 சதவீத இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு வர வேண்டிய காற்று வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதோடு, பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எரிவாயுவுக்கு அந்தப் பலனும் இல்லை. இரண்டும் சேர்ந்து, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினில் உச்சசக்தி சுமார் 10 சதவீதம் குறையும். சில இன்ஜின்களில் சற்றுக் கூடுதலாகவும் குறையலாம்.

தட்டையான சாலையில் சீரான வேகத்தில் போகும்போது இன்ஜினின் முழுச் சக்தி தேவைப்படுவதே இல்லை. அதனால் அங்கே வேறுபாடு தெரியாது. ஆள் நிறைந்த வண்டியில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க ஏற்றம் ஏறும்போதும், நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியைத் தாண்டும்போதும் தெரியும். வழக்கமாக நான்காம் கியரில் ஏறும் இடத்தில் மூன்றாம் கியருக்கு வர வேண்டியிருக்கும். உருக்குச் சிலிண்டரின் எடையும் இதில் சேரும். 60 லிட்டர் சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ ஒரு ஆளின் எடை இருக்கும்.

பத்து சதவீதம் என்கிறீர்கள். என் வண்டி ஏற்றத்தில் மூச்சுமுட்டி நின்றே போகிறதே?

அப்படியானால் அது எரிவாயுவின் இயல்பல்ல, வேலையின் குறை. முதலில் ஒரே ஏற்றத்தை, ஒரே கியரில், ஒரே சுமையோடு, ஒருமுறை பெட்ரோலிலும் ஒருமுறை எரிவாயுவிலும் ஏறிப் பாருங்கள். பெட்ரோலிலும் திணறினால் இன்ஜினிலேயே கோளாறு. பெட்ரோலில் சுலபமாக ஏறி எரிவாயுவில் மட்டும் திணறினால் கருவியைப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய வரிசை: காற்று ஃபில்டர், ஸ்பார்க் பிளக், காயில், எரிவாயு ஃபில்டர், ரெடியூசரின் அழுத்தம், இன்ஜெக்டரின் துளை அளவு, கடைசியாக டியூனிங். துளை சிறியதாக இருந்தால் குறைந்த வேகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அழுத்தி மிதிக்கும்போது மட்டும் இன்ஜினுக்கு வாயு போதாது. ஏற்றத்தில் திணறும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

டியூனிங்கைப் பற்றி இன்னும் ஒன்று. பெரும்பாலான கருவிகளில் வண்டியை நிறுத்திவைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாகவே அளவெடுத்துக்கொள்ளும். அது ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது எடுத்த அளவு; தொடக்கம் மட்டுமே. பிறகு மெக்கானிக் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைச் சாலையில் ஓட்ட வேண்டும். ஒரே சுமையில் பெட்ரோலில் ஓடும்போது திரையில் காட்டும் பெட்ரோல் இன்ஜெக்டர் திறப்பு நேரமும், எரிவாயுவில் ஓடும்போது காட்டும் அதே நேரமும் ஒத்துப்போகும்வரை மென்பொருளில் உள்ள எரிவாயு அளவு வரைபடத்தைத் திருத்த வேண்டும். இந்த ஓட்டத்தைச் செய்யாமல் சாவியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

கேஸுக்கு ஆக்டேன் எண் அதிகம் என்று படித்தேன். அப்படியென்றால் சக்தி கூடத்தானே வேண்டும்?

ஆக்டேன் எண் சக்தியின் அளவு அல்ல. எவ்வளவு அழுத்தினாலும் நேரம் தவறி வெடிக்காமல், அதாவது நாக்கிங் இல்லாமல், எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை அது சொல்கிறது. பம்ப்பில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு அது 91 முதல் 95 வரை. இயற்கை எரிவாயுவுக்கு 120க்கு மேல்.

இந்த வலிமையைப் பயன்படுத்த வேண்டுமானால் இன்ஜினின் அழுத்த விகிதம், அதாவது உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, அதிகமாக இருக்க வேண்டும். பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இன்ஜினில் அது பெரும்பாலும் 9 முதல் 11 வரை. எரிவாயுவுக்கென்றே செய்த இன்ஜினில் 12, அதற்கு மேலும் வைக்க முடியும். அப்போது இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வரும். நாம் செய்வது இன்ஜினைத் தொடாமல் எரிபொருளை மட்டும் மாற்றுவது. ஆகவே அந்த ஆக்டேன் பெரும்பாலும் பயன்படாமலே போகிறது. இன்ஜினைத் திறந்து அழுத்த விகிதத்தைக் கூட்டினால் பிறகு அது பெட்ரோலில் நாக்கிங் இல்லாமல் ஓடாது. இரண்டு எரிபொருளும் வேண்டுமென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

டைமிங் அட்வான்சர் என்று ஒன்று போடச் சொல்கிறார்கள். தேவையா, வீண் செலவா?

என் கருத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குத் தேவை. மீத்தேனின் தீ பெட்ரோலைவிட மெதுவாகப் பரவுகிறது. பெட்ரோலுக்குக் கணக்கிட்ட நேரத்தில் தீப்பொறி விழுந்தால், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டே இருக்கும். தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாத வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வீணாக வெளியேறும். தீப்பொறியைச் சில டிகிரி முன்னதாகப் போட்டால் அந்த இழப்பு குறையும். எரிவாயு ஓடும்போது மட்டும் முன்னே தள்ளி, பெட்ரோலுக்கு மாறியவுடன் பழைய நேரத்துக்குத் திரும்புவதுதான் அட்வான்சரின் வேலை.

நடு வேகத்தில் இழுவை நன்றாகத் திரும்பி வருவதை ஓட்டும்போதே உணரலாம். காற்று இடம் இழந்ததால் வரும் 10 சதவீதத்தை இது மீட்டுத் தராது. மெதுவாக எரிவதால் வரும் கூடுதல் இழப்பைத்தான் மீட்கும். டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பழைய கருவி) உள்ள பழைய வண்டியில் கையால் நேரத்தை முன்னே தள்ளிவைப்பார்கள். அந்த வண்டி பெட்ரோலுக்கு மாறும்போது நாக்கிங் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

மிக்சர் கிட் போதுமா, சீக்வென்ஷியல்தான் போட வேண்டுமா?

இன்ஜெக்ஷன் உள்ள வண்டிக்குச் சீக்வென்ஷியல்தான். மிக்சர் வகையில் காற்றுக் குழாயின் வாயிலிலேயே எரிவாயு கலக்கிறது. மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) முழுவதும் எரியக்கூடிய கலவை நிறைந்திருக்கும். ஒரு பிளக் தவறி எரிந்தால் தீ பின்னோக்கிப் பாய்ந்து (இதுவே பேக்ஃபயர்) காற்று ஃபில்டர் பெட்டியையே பிளந்துவிடும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உள்ள வண்டிகளில் இது பெரும் சேதம்.

சீக்வென்ஷியலில் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், அதன் வால்வு திறக்கும் நேரத்தில் மட்டும் வாயுவை விடுகிறது. அளவும் துல்லியம், பேக்ஃபயர் ஆபத்தும் மிகக் குறைவு. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும் மிக்சர் பொருந்தும்.

டர்போ வண்டிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் வண்டிக்கும் போடலாமா?

டர்போ எரிவாயுவுக்கு நல்ல துணை. இடம் இழந்த காற்றை டர்போ கூடுதல் அழுத்தத்தால் ஓரளவு ஈடுசெய்யும். மேலே சொன்ன ஆக்டேன் வலிமையும் இங்கே பயன்படும். இன்ஜெக்டரும் ரெடியூசரும் அந்தச் சக்திக்கு ஏற்றவையாக இருந்தால் இழப்பு தெரியாத அளவுக்குக்கூட ஓட்டலாம்.

நேரடி இன்ஜெக்ஷன் வேறு கதை. அதில் பெட்ரோல் இன்ஜெக்டரின் முனை எரியும் அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வழியே பாயும் பெட்ரோல்தான் முனையைக் குளிர்விக்கிறது. முழுவதும் எரிவாயுவில் ஓட்டினால் முனை வெந்துபோகும். அதனால் இவ்வகை வண்டிகளுக்கான கருவிகள் பல, எரிவாயுவோடு சிறிதளவு பெட்ரோலையும் தொடர்ந்து தெளித்துக்கொண்டிருக்கும். செலவுக் கணக்குப் போடும்போது அந்தப் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜின் மாடலுக்கென்று அனுமதி பெற்ற கருவி இல்லையென்றால் பொருத்தாதீர்கள்.

மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்? ஒருவர் முப்பது என்கிறார், ஒருவர் பதினெட்டு என்கிறார்.

பெட்ரோலை லிட்டரிலும் எரிவாயுவைக் கிலோவிலும் அளக்கிறார்கள். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு கிலோ எரிவாயுவில் 47, 48 மெகாஜூல். ஆக ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். உங்கள் வண்டி உங்கள் பாதையில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்திருந்தால், கிலோவுக்கு 20 முதல் 22 வரை எதிர்பார்க்கலாம். அதே வண்டிக்கு 30 என்று யாராவது சொன்னால் அளவில் தவறு இருக்கிறது. 16தான் வருகிறது என்றால் டியூனிங்கில் தவறு இருக்கிறது.

அளக்கும்போது இரண்டு முறையும் ஒரே நிலையத்தில், ஒரே பம்ப்பில், அதே அழுத்தம் வரும்வரை நிரப்புங்கள். கிளம்பும்போது பெட்ரோலில் ஓடிய தொலைவைக் கழித்துவிடுங்கள். குறுகிய பயணங்கள் நிறைய இருந்தால் அந்தத் தொலைவு சிறியதல்ல.

60 லிட்டர் சிலிண்டர் என்று சொல்லிவிட்டு 8 கிலோதான் ஏறுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. 60 லிட்டர் என்பது அந்தச் சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு. 200 பாரில் ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் எரிவாயு சுமார் 160 கிராம். எல்லாம் சரியாக அமைந்தால் 9 கிலோவுக்குச் சற்று மேல் வரும்.

நிரப்பும்போது வாயு அழுத்தப்பட்டுச் சூடாகிறது. நிரப்பி முடித்தவுடன் சிலிண்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதை உணரலாம். சூடான வாயு குறைந்த எடையிலேயே 200 பாரை எட்டிவிடும், பம்ப் நின்றுவிடும். ஆறிய பிறகு அழுத்தமானி இறங்கியிருக்கும். வெயில் நேரத்தில் இது இன்னும் அதிகம். காலையில் நிரப்பினால் சற்றுக் கூடுதலாக ஏறும். வண்டியை ஆட்டுவதால் ஒன்றும் ஏறாது.

இன்ஜின் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார்.

இதற்கு இரண்டு பக்கம் உண்டு. நல்ல பக்கம்: எரிவாயு திரவமாக இல்லாததால் இன்ஜின் சிலிண்டரின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலைக் கழுவிவிடாது. கிரேங்க் அறைக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யாது. கரியும் மிகக் குறைவு. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஆயில் நெடுநாள் பொன்னிறமாகவே இருக்கும். அதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நிறம் மாறாமலே ஆயிலின் வலு குறையும்.

கெட்ட பக்கம் வால்வு சீட், அதாவது மூடும்போது வால்வு வந்து அமரும் வளையம். பெட்ரோல் தன் ஈரத்தால் வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய காப்பைத் தந்தது. எரிவாயு உலர்ந்தது. கடினப்படுத்தாத சீட் உள்ள இன்ஜின்களில் வால்வு மெல்ல மெல்லச் சீட்டுக்குள் அமிழ்ந்து போகும். டைமிங் சரிசெய்யாமல் விட்டால் வெப்பம் எக்ஸாஸ்ட் பக்கம் போகும் என்று மேலே சொன்னேன். வாயு போதாமல் கலவை மெலிந்தாலும் அப்படித்தான். இரண்டும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். தரமான சீட், சரியான டியூனிங் இரண்டும் இருந்த இன்ஜின்கள் நீண்ட நாள் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி எப்படித் தெரியும்? வால்வு சீட்டுக்குள் அமிழும்போது டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) கூடுவதில்லை, குறைகிறது. டாப்பெட் சத்தம் குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் அது எச்சரிக்கை. இடைவெளி முழுவதும் போய்விட்டால் வால்வு சரியாக மூடாது. காலையில் கிளம்ப மறுக்கும், ஐட்லிங் நடுங்கும். கையேட்டில் சொன்னதைவிட அடிக்கடி இடைவெளியை அளந்து திருத்துங்கள்.

பெட்ரோலில் பிரச்சினை இல்லை, கேஸில் மட்டும் குதித்துக் குதித்து ஓடுகிறது. ஏன்?

முதலில் பிளக். எரிவாயுக் கலவையில் தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. தேய்ந்த பிளக், விரிசல் விட்ட பிளக் வயர், பலவீனமான காயில் ஆகியவை பெட்ரோலில் சமாளித்துவிடும், எரிவாயுவில் காட்டிக்கொடுத்துவிடும். பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைத்து, 1 மில்லிமீட்டருக்குப் பதில் 0.7 அல்லது 0.8 ஆக வைத்தால் காயிலின் சுமை குறையும். பிளக் மாற்றும் காலத்தையும் முன்னே கொண்டுவாருங்கள்.

பிளக்குகள் சரியாக இருந்தால் அடுத்தது எரிவாயு ஃபில்டர். நிரப்பும் நிலையத்தின் கம்ப்ரசரிலிருந்து ஆயில் சிறிதளவு வாயுவோடு வந்து சேரும். ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் கரிய எண்ணெய் சொட்டும். அது இன்ஜெக்டர்வரை போய்விட்டால் இன்ஜெக்டர்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்கும்.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. அழித்தாலும் திரும்ப வருகிறது.

அழிப்பதை நிறுத்திவிட்டுக் குறியீட்டைப் படியுங்கள். கலவை மெலிவு, கலவை செறிவு என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் வரும். வண்டியின் சொந்தக் கணினி, எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் உணரியைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக் கற்றுக்கொண்டே போகும். எரிவாயு டியூனிங் தவறாக இருந்தால் அது அந்தத் தவறையும் கற்றுக்கொள்ளும். எல்லை தாண்டும்போது விளக்கு எரியும்.

எரிவாயு பொருத்திய பிறகு பெட்ரோலிலும் வண்டி கெட்டுவிட்டது என்று சொல்பவர்களின் பிரச்சினையும் பெரும்பாலும் இதுவே. எரிவாயுவில் கற்ற தவறான திருத்தத்தைக் கணினி பெட்ரோலுக்கும் போடுகிறது. மருந்து முன்பு சொன்ன சாலை டியூனிங்தான்.

சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டின் அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் கூலன்ட் குறையும். கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம். மீத்தேனில் ஹைட்ரஜன் பங்கு அதிகம். எரியும்போது பெட்ரோலைவிட அதிக நீராவி உண்டாகும். குறுகிய பயணம் மட்டுமே போகும் வண்டியில் அந்த நீர் சைலன்சரிலேயே தங்கித் துருப்பிடிக்கவைக்கும். அவ்வப்போது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

முதுகுக்குப் பின்னால் 200 பார் அழுத்தம். வெடித்துவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது, மழுப்ப மாட்டேன். எரிபொருள் என்ற அளவில் மீத்தேன் பெட்ரோலைவிட மோசமானதல்ல. காற்றில் அதன் பங்கு 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எரியும். தானாகத் தீப்பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பெட்ரோலுக்கு அதில் பாதி போதும். தரமான சிலிண்டர், வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்குமாறு செய்யப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 11439 போன்ற தரவிதிகளில் நெருப்பு, துப்பாக்கிக் குண்டு, உயரத்திலிருந்து விழுதல் ஆகிய சோதனைகள் உண்டு. வண்டி தீப்பற்றினால் சுமார் 110 டிகிரியில் உருகும் அடைப்பு திறந்து, சிலிண்டர் வெடிப்பதற்கு முன் வாயுவை வெளியேற்றும்.

ஆபத்து எங்கே இருக்கிறது? சோதனைக் காலம் கடந்த சிலிண்டரில். சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டையின் அடியில் ஈரம் தேங்கித் துருப்பிடித்த சிலிண்டரில். எங்கிருந்தோ கழற்றி வந்து சாயம் பூசிய சிலிண்டரில். வேறு வாயுவுக்கான உருளையை மாட்டிய மோசடியில். இயல்பான 200 பாரைத் தாங்கும் உருக்கு, துருவால் மெலிந்தபின் தாங்காது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். எத்தனை ஆண்டு என்பதை உங்கள் நாட்டு விதி சொல்லும். தீயில் பட்ட சிலிண்டர், விபத்தில் அடிபட்ட சிலிண்டர் இரண்டையும் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சோதனை இல்லாமல் நிரப்பக் கூடாது. சிலிண்டரில் வெல்டிங், துளை, தட்டிச் சரிசெய்தல் எதுவும் கூடவே கூடாது.

வண்டிக்குள் கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது?

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிவதற்காகவே நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வாடை வந்தால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிடுங்கள். சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். விளக்கு, சுவிட்ச் எதையும் தொடாதீர்கள்.

கசிவின் இடத்தைச் சோப்பு நீரால் கண்டுபிடிக்கலாம். மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார். கசியும் இடத்தில் சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லப் பெருகும். அழுத்தம் இருக்கும்போதே நட்டை முடுக்குவது தவறு. வால்வை மூடி, குழாயில் உள்ள வாயுவை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். மீத்தேன் மேலே எழும் என்பதால் மூடிய கூரைக்கடியில் வண்டி நிறுத்துபவர்கள் மேற்பகுதியில் காற்றோட்ட வழி வைப்பது அவசியம்.

டீசல் வண்டியை மாற்றலாமா?

பெட்ரோல் வண்டியைப் போல எளிதல்ல. டீசல் இன்ஜினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தின் வெப்பத்தில்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. தானாகத் தீப்பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும் என்று மேலே சொன்ன காரணத்தால் மீத்தேன் அப்படி எளிதில் பற்றாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஹெட்டில் ஸ்பார்க் பிளக் வைத்து, பிஸ்டனை மாற்றி, 16, 18 என்று இருக்கும் அழுத்த விகிதத்தை 11, 12க்கு இறக்கி, முழு எரிவாயு இன்ஜினாக ஆக்குவது. பஸ், லாரிகளில் இது நடக்கிறது. ஆனால் டீசலுக்கே உரிய குறைந்த வேக இழுவையும் சிக்கனமும் குறையும்.

இன்னொன்று இரட்டை எரிபொருள் முறை. காற்றோடு எரிவாயுவும் உள்ளே போகும். சிறிதளவு டீசல் தெளிக்கப்பட்டுப் பற்றவைக்கும். இழுவை அதிகம் குறையாது, எந்நேரமும் முழு டீசலுக்குத் திரும்பலாம். ஆனால் குறைந்த சுமையில் மீத்தேன் சரியாக எரியாமல் வெளியேறும். நீண்ட தூரம் கனமான சுமையோடு ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். நகரத்துக்குள் ஓடும் டீசல் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நல்லதா?

ஒரே அளவு ஆற்றலுக்கு எரிவாயு, பெட்ரோலைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. புகைத்துகள் மிக மிகக் குறைவு. டீசல் புகையைச் சுவாசிக்கும் நகரங்களில் இந்த ஒன்றே பெரிய லாபம்.

ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடாகாமல் மீத்தேனை எரிக்கவும் முடியாது. கசியும் இணைப்பும், தீப்பொறி தவறி மிஸ்ஃபயர் ஆகும் பிளக்கும் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். பராமரிக்கும் வண்டிக்குத்தான் இந்தப் பெருமை உரியது.

யார் மாற்றாமல் இருப்பது நல்லது?

மாதத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள். பொருத்தும் செலவு திரும்பவே பல ஆண்டாகும். டிக்கி முழுவதும் வேண்டும் என்பவர்கள். நிரப்பும் நிலையம் வழியில் இல்லாதவர்கள். ஏற்கெனவே ஆயில் குடிக்கும், அழுத்தம் குறைந்த இன்ஜின் வைத்திருப்பவர்கள். பொருத்துவதற்கு முன் கம்ப்ரஷன் சோதனை (இன்ஜின் சிலிண்டர்களில் எழும் அழுத்தத்தை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் முதலில் இன்ஜினைச் சரிசெய்ய வேண்டும். அப்படியே பொருத்தினால் பிறகு பழி எரிவாயுவின் மேல் விழும்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியென்றால் உற்பத்தியாளரின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பதிவுச் சான்றில் எரிபொருளை மாற்றி எழுதாமலும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமலும் ஓட்டினால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஏற்கெனவே கேஸ் பொருத்திய பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்களே கிளப்புங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வால்வு சீட் தேய்மானம் குளிர்ந்த இன்ஜினில்தான் வெளிப்படும். முதலில் பெட்ரோலில் நெடுநேரம் ஓட்டுங்கள். பெட்ரோல் பக்கம் பழுதானதை மறைக்க எரிவாயுவிலேயே ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு எரிவாயுவில், முன்பு சொன்னதுபோல் அதே ஏற்றத்தில்.

நின்றதும் ரெடியூசரில் பனி இருக்கிறதா, குழாய்கள் உடலோடு உரசுகிறதா, சிலிண்டரின் பட்டைக்கடியில் துரு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சிலிண்டர் எண்ணைச் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தச் சிலிண்டரோடு அந்த வண்டியை வாங்க வேண்டாம்.